அரிசி டீயும் பால்கோவா மாஸ்டரின் மூக்கும்

கிரீன் டீ குடிப்பவர்களில் நம்ம பக்கம் இரண்டு ரகம் உண்டு. சுகர் ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்லிக் குடிப்பவர்கள் ஒரு ரகம். சென்னையிலிருந்து யாரோ பாசமாக வாங்கி வந்துவிட்டார்களே, தூக்கிப் போட மனசு வரவில்லையே என்று குடிப்பவர்கள் இன்னொரு ரகம். ருசிக்காகவே குடிக்கிற மூன்றாவது ரகத்தை ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் பகல் பூராவும் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே டீ என்றால் பால் இருக்க வேண்டும், சர்க்கரை இருக்க வேண்டும், மாஸ்டர் கை உயரத்துக்குத் தூக்கி ஆற்றி நுரை நிற்க வேண்டும். வெந்நீரில் இலையை ஊறப்போட்டுக் குடிப்பதெல்லாம் கஷாயக் கணக்கில் சேரும்.

அப்படிப்பட்ட ஊரில், நூல் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாச்சியின் வீட்டுக்கு, ஒரு தீபாவளி லீவில் பேத்தி மூலமாக ஒரு பாக்கெட் வந்து சேர்ந்தது. நூறு கிராம், நானூற்று ஐம்பது ரூபாய். (விலையை அம்மாச்சியிடம் சொல்லவில்லை. "நூறு ரூவா" என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்கே "நூறு ரூவாய்க்கு இலையா?" என்று ஒரு பாட்டு வாங்கினாள்.) பாக்கெட்டின் முன்பக்கம் பாதாம் பருப்பு படம், மரக்கரண்டியிலிருந்து தேன் சொட்டுகிற படம். கொட்டையும் தேனும் மணக்கிற கிரீன் டீ, ஜப்பானிய முறையில் வறுத்த அரிசி சேர்த்தது, என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

டீயில் அரிசியா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

ஜப்பானில் இந்த டீயின் பெயர் கென்மாய்ச்சா. கென்மாய் என்றால் தவிடு நீக்காத பழுப்பரிசி, ச்சா என்றால் நம்ம சாயாதான். அரிசியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்து, அப்புறம் வறுக்கிறார்கள். ஊறவைத்து அவித்துக் காயவைப்பது வரைக்கும் நம் புழுங்கல் அரிசிக் கதையேதான் (நாம் நெல்லாக அவிக்கிறோம், அவர்கள் அரிசியாக அவிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்). வறுபடும்போது சில மணிகள் பொரிந்து வெள்ளையாக மலர்ந்துவிடும். அதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் பாப்கார்ன் டீ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதி இலை, பாதி அரிசி.

இது எப்படித் தோன்றியது என்பதற்கு நிறையக் கதைகள் சொல்கிறார்கள். ஒரு பிரபுவுக்கு டீ ஊற்றும்போது வேலைக்காரனின் சட்டைக் கையிலிருந்து வறுத்த அரிசி கோப்பைக்குள் விழுந்ததாம், கோபத்தில் தலையைச் சீவிவிட்டு, அப்புறம் குடித்துப் பார்த்து வருத்தப்பட்டு அவன் பெயரையே டீக்கு வைத்தாராம். கேட்க நன்றாக இருக்கிறது, நம்புகிற மாதிரி இல்லை. பழுப்பரிசிக்கே கென்மாய் என்று பெயர் இருக்கும்போது வேலைக்காரனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இதைவிட நம்பத்தக்கது இன்னொன்று. இலை விலை அதிகம், அரிசி விலை கம்மி. இருக்கிற இலையோடு அரிசியைச் சேர்த்தால் இரண்டு நாள் டீ நாலு நாள் வரும். இல்லாதவர்கள் வீட்டு டீ என்று இதற்குப் பழைய பெயர் உண்டு.

இந்த இடத்தில் காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு மணி அடிக்க வேண்டும். விலை கூடின பொருளோடு விலை குறைந்த பொருளைக் கலப்பதற்கு நம் ஊரில் என்ன பெயர்? கலப்படம். ஆனால் காபியில் சிக்கரி கலந்தால் அது கலப்படம் இல்லை, "காபி - சிக்கரி கலவை". குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சொல்லிக் கலந்தால் சரக்கு, சொல்லாமல் கலந்தால் குற்றம். கென்மாய்ச்சா சொல்லிக் கலந்து பேர் வாங்கினது. அதுவும் எப்படி, ஏழை டீ என்ற பேரிலிருந்து நூறு கிராம் நானூற்று ஐம்பது ரூபாய்க்கு! பாதி அரிசி என்றால், அந்த ஐம்பது கிராம் அரிசிக்கு ராஜபாளையம் மளிகைக் கடையில் மூன்று ரூபாய் கொடுத்தால் ஜாஸ்தி.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். முதல் நாள் போட்ட டீ படுதோல்வி. அம்மாச்சிக்குத் தெரிந்த முறையில், தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதிலேயே தூளைக் கொட்டி, அஞ்சு நிமிஷம் சுண்டவைத்து வடிகட்டினார். வேப்பிலைச் சாறு தோற்றது. பால் ஊற்றலாமா என்று கேட்டதற்குப் பேத்தி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கிரீன் டீயில் கசப்பைத் தருகிற கேட்டச்சின்களும் காஃபீனும் தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக இறங்கும். இனிப்பு மாதிரி ஒரு மென்மையைத் தருகிற தியானின் என்கிற அமினோ அமிலத்துக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. அதனால் கொதித்த தண்ணீரை இறக்கி மூன்று நாலு நிமிஷம் ஆறவிட்டு, 80 டிகிரி சுமாருக்கு வந்தபின் ஊற்றி, ஒன்றரை நிமிஷத்தில் வடிகட்டிவிட வேண்டும். இரண்டாம் நாள் பேத்தியே அப்படிப் போட்டாள். வெளிர் மஞ்சளாக ஒரு தண்ணி வந்தது. அம்மாச்சி டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"என்னத்தா இது, காச்சக் கஞ்சி வாசம் அடிக்குது?"

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் அரிசியை வறுத்து, நொய்யாக உடைத்துக் கஞ்சி வைப்பார்கள் இல்லையா, அந்த வாசம். இன்னொரு வாய் குடித்துவிட்டு, "இல்ல, கார்த்திகைப் பொரி" என்று திருத்தினார். பொரி உருண்டைக்குப் பாகு ஊற்றும்போது எழுகிற வாசனையாம். பாக்கெட்டில் பாதாம் என்றும் தேன் என்றும் போட்டிருப்பதைப் பேத்தி படித்துக் காட்டினாள். அம்மாச்சி கேட்ட ஒரே கேள்வி: "என்ன தேனு? கொம்புத்தேனா, பொந்துத்தேனா?"

நியாயமான கேள்வி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே எழுந்து நிற்கிற மலையில் பளியர்கள் தேன் எடுக்கிறார்கள். 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட காடு அது. அந்த ஊர்க்காரர்களிடம் சும்மா "தேன்" என்று சொன்னால் போதாது, எந்தக் கூட்டுத் தேன் என்று சொல்ல வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பதில் இருந்தது. நம் நாட்டுச் சட்டப்படி சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில் போட வேண்டும். போட்டிருந்தது: கிரீன் டீ, வறுத்த அரிசி, இயற்கையை ஒத்த வாசனைப் பொருள்கள். முடிந்தது. பாதாமும் இல்லை, தேனும் இல்லை. கொம்பும் இல்லை, பொந்தும் இல்லை. லேபில் இருந்து வந்த தேன்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. எசன்ஸ் ஒன்றுமே போடாவிட்டாலும் வறுத்த அரிசி டீயில் கொட்டை வாசமும் லேசான தேன் வாசமும் வரும். 1912ல் லூயி கமீல் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர் ஒரு விஷயத்தை விவரித்தார். சர்க்கரை வகையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான புது வாசனைகளும் பிறக்கும். தோசையின் முறுகல், வறுத்த கடலை, காபிக்கொட்டை, ரொட்டியின் மேல்தோல் எல்லாம் இந்த வகைதான். இதில் பிறக்கிற பைரசின் என்கிற குடும்பம்தான் நாம் கொட்டை வாசம் என்று சொல்வது. ஃபினைல் அசிட்டால்டிஹைடு என்று இன்னொன்று பிறக்கும், அது தேன் மாதிரி மணக்கும். ஆக, வெள்ளைக்காரன் "நட்ஸ், ஹனி" என்று எழுதுவதும், அம்மாச்சி "கார்த்திகைப் பொரி" என்று சொல்வதும் ஏறக்குறைய ஒரே சமாச்சாரம். அவனவன் வீட்டில் எது இருந்ததோ அதன் பெயரை வைக்கிறான். கம்பெனிக்காரர்கள் அதில் திருப்தியில்லாமல் மேலே கொஞ்சம் எசன்ஸையும் ஊற்றிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் கதை ராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறது.

அம்மாச்சிக்கு அங்கே ஒரு தம்பி. இருபது வயசிலிருந்து பால்கோவா அடுப்படியில் நின்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அதில் இருப்பது பாலும் சர்க்கரையும்தான், வேறொன்றும் கிடையாது என்பதும் தெரியும். சேர்மானம் இவ்வளவு கம்மியாக இருக்கிற பண்டத்தில் ஏமாற்றவும் முடியாது, தப்பு செய்தால் மறைக்கவும் முடியாது. பெரிய இரும்புச் சட்டி, விறகு அடுப்பு, விடாமல் துழாவுகிற கை. பாலில் இருக்கிற லாக்டோஸும் புரதமும் சூட்டில் சேர்ந்து மெய்யார் சொன்ன அதே வேலையைச் செய்கிறது, ஆனால் மெதுவாக, மெல்லிசாக. கொஞ்சம் முன்னால் இறக்கினால் பச்சைப் பால் வாசம். கொஞ்சம் தாமதித்தால் அடிப்பிடித்த வாசம். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியைத் தெர்மாமீட்டர் வைத்தெல்லாம் அவர் கண்டுபிடித்ததில்லை. மூக்குதான். சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார், திடீரென்று "எறக்கு" என்பார். சரியாக இருக்கும்.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் அவருக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு முற்றவில்லை, பத்து நாளில் எழுந்துவிட்டார். மூக்கு மட்டும் எழவில்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாசம் கழித்துத் தெரிய ஆரம்பித்தபோது அதற்கு ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. காபி சாக்கடையாக நாறியது. வெங்காயம் வதக்கினால் வீட்டை விட்டு வெளியே போனார். பால்கோவாச் சட்டி பக்கத்தில் நின்றால் குமட்டல். வாசனை தலைகீழாகத் திரிந்து தெரிகிற இதற்குப் பரோஸ்மியா என்று பெயர். கொரோனாவுக்குப் பிறகு உலகம் பூராவும் ஏகப்பட்ட பேருக்கு வந்தது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2022ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நாற்றத்தைக் கிளப்புகிற மூலக்கூறுகள் எவையென்று காபியை வைத்தே தேடினார்கள். அகப்பட்டவற்றில் கந்தகம் கலந்த ஒன்று முதலிடம், கூடவே சில பைரசின்கள். அதாவது வறுபட்டதன் வாசனைகள். மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊற வைப்பது எதுவோ, அதுவே இவர்களுக்கு நாறுகிறது. வறுவலும் சுண்டலுமே தொழிலாக இருக்கிற மனுஷனுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

அடுப்பில் நிற்பதை விட்டார். அதே கடையில் பெட்டி கட்டுகிற வேலை, சம்பளம் கம்மி. பேத்தி எங்கோ படித்துவிட்டு வாசனைப் பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009ல் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நாலு வாசனைகளைக் காலையும் மாலையும் சில விநாடிகள் கவனமாக முகர வேண்டும், மாதக்கணக்கில். எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆண்டாள் ஊரில் ரோஜாவுக்கா பஞ்சம்? தைலமும் எலுமிச்சையும் கிராம்பும் வீட்டிலேயே இருந்தன. தாத்தா நாலு மருந்து பாட்டிலில் போட்டு ஜன்னலில் வரிசையாக வைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் செய்தார். 2023 வாக்கில், "எல்லாம் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்குத்தான் சந்தேகம். ஒரு விசேஷ வீட்டில் மத்தியானச் சாம்பார் ராத்திரிப் பந்தியில் ஊசிப்போயிருந்தது. ஒரு வாய் வைத்தவர்கள் எல்லாம் இலையை மடக்கினார்கள். தம்பி மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாச்சி அதைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. வந்துவிட்டது என்று சொல்லித் திரிகிற ஆளை நாலு பேர் முன்னால் "வரலையே" என்று கேட்க முடியுமா? அதுவும் அடுத்த மாசம் முதல் மறுபடி அடுப்படிக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருக்கிற ஆளை? ஒரு சட்டிப் பால் தீய்ந்தால் ஒரு நாள் நஷ்டம். ஊரே அந்தப் பேரில்தான் சாப்பிடுகிறது. வீட்டில் கேஸ் கசிந்தால் தெரியாமல் போகுமே என்கிற பயம் வேறு.

மூன்றாம் நாள் காலையில் அம்மாச்சி ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு பேத்தியோடு பஸ் ஏறினார். அரை மணி நேரப் பயணம், இடது பக்கம் மலை கூடவே வரும், ஊர் நெருங்கும்போது கோபுரம் தெரிய ஆரம்பிக்கும். எதற்குப் போகிறோம் என்று பேத்திக்கே பஸ்ஸில்தான் சொன்னார். தெரியாத பண்டமாக இருக்க வேண்டும். காபியைக் கொடுத்தால் காபி வாசம் என்று பழக்கத்தில் சொல்லிவிடுவான். பால்கோவாவைக் கொடுத்தால் கண்ணே சொல்லிவிடும். இது என்னவென்று அவனுக்குப் பார்த்தாலும் தெரியாது, குடித்தாலும் தெரியாது. மூக்குக்குத் தெரிந்தால்தான் உண்டு.

(முப்பது வருஷம் மில்லில் கோன் சுற்றின ஒரு பாட்டிக்கு இது தோன்றியிருக்கிறது. ஆராய்ச்சிக் கூடங்களில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்.)

திண்ணையில் வைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். தாத்தா வாங்கிப் பார்த்தார். "என்னக்கா இது, வெந்தயத் தண்ணியா?"

"குடிச்சுப் பாரேன்."

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். திரும்ப மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். ஜன்னலில் இருந்த பாட்டில்களை முகர்ந்த அதே பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு. கொஞ்ச நேரம் ஆனது.

"அரிசி வறுத்த வாசம்ல அடிக்குது?"

அம்மாச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றுதான் சொன்னார். நாறுகிறதா என்று பேத்தி கேட்டாள். இல்லை, நல்லாத்தான் இருக்கு என்றார் தாத்தா. வறுபட்டது எதுவும் நாறாமல் மணத்து அவருக்கு எத்தனை நாளானது என்பது அப்புறம்தான் தெரிந்தது. காபியை அவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குடித்துவந்திருக்கிறார், ரெண்டு வருஷமாக.

ஆனால் இரண்டாவது வாயில் முகம் சுளித்தார். "மேல ஒண்ணு அடிக்குதே. பிள்ளைகளுக்குக் குடுக்கிற டானிக் மாதிரி. எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?"

கேள்வி அவருடையது என்றாலும் மூன்று பேருக்கும் ஒரே பயம்தான். பழைய கோளாறுதான் வேறு வேஷத்தில் நிற்கிறதா? அக்காள் "தேன் வாசம்டா அது" என்று சமாளித்தார். "தேனா? மலைத்தேன் தின்னு வளந்தவன்ட்ட வந்து சொல்லு" என்றார் தம்பி. பேத்திக்கும் முதல் நாளிலிருந்தே அந்த மேல் வாசனை எசன்ஸாகத்தான் பட்டது, ஆனால் நானூற்று ஐம்பது ரூபாய் கொடுத்தவள் அதை எப்படிச் சொல்வாள் :-)

இதைத் தீர்க்க ஒரே வழிதான். எசன்ஸ் இல்லாமல் அதே டீயைப் போட வேண்டும். அம்மாச்சி சமையலறைக்குப் போய்ப் புழுங்கல் அரிசி இரண்டு ஸ்பூன் எடுத்துக் கழுவி, துணியில் போட்டு ஈரம் போக ஒற்றி, இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தார். முக்கியமான விஷயம், தாத்தாவைத் தெருக்கோடிக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் வறுத்தார்கள், ஜன்னலையும் திறந்து வைத்தார்கள். அங்கேயே ஒரு கடையில் வாசனை எதுவும் சேர்க்காத சாதா கிரீன் டீ கிடைத்தது. பாதிக்குப் பாதி. தண்ணீரை ஆறவிட்டு ஊற்றி, ஒன்றரை நிமிஷம். இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதென்று சொல்லாமல் கொடுத்தார்கள். பாக்கெட் டம்ளரில், "இதுதான் டானிக்." வீட்டு டம்ளரில், "இதுல அது இல்ல. அரிசி நல்லா வறுபட்டிருக்கு. ஒரு அரை நிமிஷம் முந்தியே எறக்கியிருக்கலாம்."

சட்டியில் சில மணிகள் கருகியிருந்தது உண்மைதான். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபிறகுதான் அம்மாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு டம்ளர் டீயால் மூக்கு முழுசாகத் திரும்பியது என்று முடித்தால் சினிமாவாகிவிடும். அன்று சாயங்காலம், பேத்தி இல்லாத நேரம் பார்த்து, தாத்தா அக்காவிடம் தானாகவே சொன்னார். வறுத்தது, கருகினது தெரிகிறது. புளித்தது, ஊசினது தெரியவில்லை. பாலில் பச்சை வாசம் போகிற நேரமும் பிடிபடவில்லை. மனுஷ மூக்கில் சுமார் 400 வகை வாசனை வாங்கிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே நாளில் ஒன்றாக வேலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது போலிருக்கிறது. ஊசின சாம்பார் விஷயத்தை அக்கா அப்போதும் எடுக்கவில்லை. "சாப்பாட்ட வீட்ல யாராச்சும் பாத்துக் குடுத்தா மட்டும் சாப்பிடு" என்று சொன்னதோடு சரி. கேஸ் அடுப்புக்குக் கசிவைக் கண்டுபிடித்துச் சத்தம் போடுகிற கருவி ஒன்று வாங்கி மாட்ட வேண்டும் என்று பேத்தி சொல்லி, வாங்கியும் கொடுத்தாள்.

அடுப்படிக்கு அவர் திரும்பினார், ஆனால் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு. சட்டியைத் துழாவுவது தாத்தா. பச்சை வாசம் போய்விட்டதா என்று முகர்ந்து சொல்வது இருபது வயதுப் பையன் ஒருவன். "போயிருச்சு மாஸ்டர்" என்று அவன் சொன்னதும், மீதியை இவர் பார்த்துக்கொள்கிறார். பையன் ஆரம்பத்தில் அவசரப்பட்டான். இப்போது பரவாயில்லையாம். தொழில் அந்தப் பக்கமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

பாக்கெட்டில் மீதி இருந்ததை யாரும் குடிக்கவில்லை. அம்மாச்சி அதைச் சல்லடையில் கொட்டி அரிசியைத் தனியாகப் பிரிக்கப் பார்த்தார். எசன்ஸ் அதிலும் ஏறியிருந்தது. கடைசியில் செம்பருத்திச் செடிக்குப் போனது.

செய்து பார்க்க விரும்புகிற நண்பர்களுக்கு: சிவப்பரிசியோ புழுங்கல் அரிசியோ எதுவானாலும் சரி, சிறு தீ, கை எடுக்காமல் வறுக்க வேண்டும். இளம்பழுப்பு வந்ததும் இறக்கிவிடுங்கள், சட்டிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வறுபடும். நன்றாக ஆறினபின் ஈரமில்லாத டப்பாவில் போட்டால் சில வாரங்கள் வாசனை நிற்கும். குடிக்கும்போது ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் அரிசி, ஒரு ஸ்பூன் சாதா கிரீன் டீ. வடிகட்டினபின் மிஞ்சுகிற அரிசியை மென்று பார்க்கலாம், நன்றாக இருக்கும். ராத்திரி வேண்டாம், பாதி இலைதான் என்றாலும் காஃபீன் காஃபீன்தான். பால் ஊற்றினால் எப்படி இருக்கும் என்பதையும் அம்மாச்சி பேத்தி சென்னைக்கு ரயில் ஏறின மறுநாளே பார்த்துவிட்டார். போனில் கேட்டதற்கு, "கருப்பட்டி போட்டாத் தேவல" என்றார்.